நாலு ஸ்க்ரூவுக்கா இவ்வளவு பயம்?

மே மாதம். மத்தியானம். சென்னை ராயப்பேட்டைச் சந்தில் ஒரு மாடி அறை. கடற்காற்று இன்னும் ஐஸ் ஹவுஸைத் தாண்டி வரவில்லை.

சாயங்காலத்துக்குள் ஒரு கல்யாண வீடியோவை நீ கொடுத்தாக வேண்டும். ரெண்டரிங் பாதியைத் தாண்டிவிட்டது. கம்ப்யூட்டர் இரைகிறது. மேலே கை வைத்தால் சுடுகிறது.

பட்டென்று திரை இருட்டுகிறது.

நீ என்ன செய்தாய்? நெற்றியில் அடித்துக்கொண்டாய். "என் நேரமே சரியில்லை" என்றாய்.

நேரமா? உன் ஜாதகத்துக்கும் பிராசசருக்கும் என்ன சம்பந்தம்?

உன் கேபினெட்டுக்குள் காற்று ஓடவில்லை. அதுதான் நடந்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை!

காற்று ஓடவில்லையா? ஓட வை! ஒரு ஃபேன். நாலு ஸ்க்ரூ. ஒரு ஒயர். இதற்கா கோடைக்குக் கோடை குமுறிக்கொண்டிருக்கிறாய்?

கொஞ்சம் நில். என்ன நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள். தெரியாததைக் கண்டுதான் மனிதனுக்குப் பயம் வரும்.

உன் கம்ப்யூட்டர் இழுக்கிற கரண்ட் கிட்டத்தட்ட அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. 300 வாட் இழுத்தால் 300 வாட் சூடு. ஒளித்து வைக்க இடமே இல்லை.

அந்தச் சூடு எங்கே போகும்? வழி விட்டால் வெளியே போகும். விடாவிட்டால் பெட்டிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும்.

பிராசசர் மேலே ஒரு ஃபேன் ஏற்கெனவே சுற்றுகிறதே என்கிறாயா? சுற்றுகிறது. எந்தக் காற்றை வைத்துச் சுற்றுகிறது? பெட்டிக்குள் கிடக்கும் அதே சூட்டுக் காற்றை வைத்து!

உன் வீட்டையே எடுத்துக்கொள். தெருப்பக்கத்துச் சன்னலை மட்டும் திறந்துவைத்து, கொல்லைப்பக்கக் கதவைச் சாத்தினால் காற்று வருமா? வராது. எதிரெதிரே ரெண்டும் திறந்தால் திரைச்சீலை பறக்கும். உன் கேபினெட்டுக்கும் முன்னால் ஒரு வாசல் வேண்டும், பின்னால் ஒரு வாசல் வேண்டும்.

கணக்கும் கேட்டுக்கொள். 300 வாட் சூடு. பெட்டிக்குள் இருக்கும் காற்று, அறைக்காற்றைவிட 10 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது. இதற்கு நொடிக்குச் சுமார் 25 லிட்டர் காற்று முன்னால் நுழைந்து பின்னால் வெளியேற வேண்டும்.

ஃபேன் அட்டையில் எழுதியிருக்கும் பாஷையில் சொன்னால் ஏறக்குறைய 53 சிஎஃப்எம், அதாவது நிமிஷத்துக்கு 53 கன அடி. சாதாரண 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று அட்டையில் சொல்லிக்கொள்கிற அளவுதான் இது.

ஆனால் அட்டைக் கணக்கு வெட்டவெளிக் கணக்கு. உன் பெட்டியில் முன்னால் வலை, வலைக்குப் பின்னால் ஃபில்டர், உள்ளே ஒயர்க்காடு. பாதிக் காற்று அங்கேயே சிக்கிக்கொள்ளும். அதனால்தான் ஒன்று போதாது. முன்னால் ரெண்டு, பின்னால் ஒன்று!

காற்று வராவிட்டால் பிராசசர் என்ன செய்யும் தெரியுமா? இன்டெல்லின் டெஸ்க்டாப் பிராசசர்கள் பலவற்றுக்கு 100 டிகிரி எல்லை. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைக்கு 95. அந்த எல்லையைத் தொட்டதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படிச் செய்கிறது. உனக்கோ "கம்ப்யூட்டர் ஸ்லோ" என்று தோன்றுகிறது.

நீ காசு கொடுத்து வாங்கிய வேகம் அது! தவணை கட்டி வாங்கிய வேகம்! அதைச் சூட்டுக்குக் காணிக்கை போட்டுக்கொண்டிருக்கிறாய். மனசு வலிக்கவில்லையா?

"சென்னை வெயில் அப்படி" என்று ஆரம்பிக்காதே.

வெயில் எனக்கும் தெரியும். 2003 மே 31. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. இந்த ஊர் அதையும் பார்த்தது. அப்புறமும் கடை திறந்தது, பஸ் ஓடியது, அச்சகம் அச்சடித்தது.

வெயிலை உன்னால் குறைக்க முடியாது. ஒப்புக்கொள்கிறேன். எந்த ஃபேனாலும் பெட்டியை அறையைவிடக் குளிரவைக்கவும் முடியாது. அறை 36 டிகிரி என்றால் உள்ளே போகும் காற்றும் 36தான்.

ஆனால் அறை 36 இருக்கும்போது உன் பெட்டிக்குள் ஏன் 50 இருக்கிறது? அந்த 14 டிகிரி வெயில் கொடுத்ததா? இல்லை! நீ விட்டுவைத்தது!

வெளியே இருக்கும் வெயிலைத் திட்டுகிறவன் உள்ளே அடைந்த சூட்டைப் பார்ப்பதே இல்லை.

"ஏ.சி. போட்டால் சரியாகிவிடும். என்னிடம் ஏ.சி. இல்லையே" என்கிறாயா?

ஏ.சி. போட்டால் அறை குளிரும். பெட்டியின் அடைசல் அப்படியே இருக்கும். 36 டிகிரி அறையில் 14 கூடுதல் என்றால், 26 டிகிரி அறையிலும் அதே 14 கூடுதல்தான். அடைசலை ஏ.சி. திறக்காது. உன் கைதான் திறக்க வேண்டும்.

"சைடு பேனலைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பிவைத்திருக்கிறேன்" என்கிறாய். ராயப்பேட்டையில் பாதி மேன்ஷன் அறைகளில் இந்த வைத்தியம்தான் நடக்கிறது.

இது வைத்தியமா? மெட்ரோ வேலை நடக்கிற ஊரில், ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்து வந்தாலே சட்டையில் புழுதி படிகிற தெருவில், மதர்போர்டைத் திறந்து போடுவதா? தூசி அத்தனையும் ஹீட் சிங்க்கின் மடிப்புகளில் கம்பளியாகப் படியும். அடுத்த மாதம் இன்னும் சூடு. அதற்கு அடுத்த மாதம் இன்னும் பெரிய டேபிள் ஃபேன்!

தற்காலிகம் என்று சொல்லி எத்தனை வருஷம் ஓட்டுவாய்?

ஒன்று மட்டும் சொல்வேன். பேனலைக் கழற்றிப் பார்ப்பது வைத்தியமாக உதவாது, சோதனையாக உதவும். அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் உன் பயத்தைப் பேசி முடிப்போம்.

உனக்கு ஃபேன் விலை தடையில்லை. சாதாரண கேபினெட் ஃபேன் சில நூறு ரூபாய். ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணிக் காசு.

கரண்டும் தடையில்லை. ஒரு ஃபேன் இழுப்பது சுமார் ரெண்டு வாட். மூன்று ஃபேன் தினம் பத்து மணி நேரம் ஓடினாலும் மாதம் முழுக்க ரெண்டு யூனிட் ஆகாது.

உன்னைத் தடுப்பது அந்த சைடு பேனல். அதைத் திறக்கப் பயம். "கை வைத்தால் போய்விடும்." "எனக்கு இதெல்லாம் வராது." "தெரிந்தவங்களைக் கூப்பிடலாம்."

யார் அந்தத் தெரிந்தவர்? அவர் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு பிறந்தாரா?

ரிச்சி தெருவுக்குப் போய்ப் பார். ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வழியாக அண்ணா சாலைக்கு வா. கடந்தால் அந்தப் பக்கம்தான். ரேடியோ உதிரிபாகங்களில் ஆரம்பித்த தெரு அது. ரேடியோ போய் டி.வி. வந்தது. டி.வி. போய்க் கம்ப்யூட்டர் வந்தது. அப்புறம் செல்போன் வந்தது.

ஒவ்வொரு முறையும் அந்தத் தெருவில் இருந்தவர்கள் தெரியாத ஒன்றைத் திறந்துதான் பிழைத்தார்கள். வால்வு ரேடியோ பழகிய கை, மதர்போர்டைப் பார்த்து ஓடிப்போகவில்லை. நரசிங்கபுரம் தெருவின் மாடிப்படிக்கு அடியில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருப்பவரைக் கேள். பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்ததா, பழுதான சாமான் சொல்லிக்கொடுத்ததா என்று கேள்.

உன் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இத்தனை பேர் கற்றுக்கொண்டார்கள். நீ மட்டும் விதிவிலக்கா?

"பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கு?" என்று யாராவது சொன்னார்களா தங்கையே? அந்தக் கம்ப்யூட்டரில் ஆல்பம் டிசைன் செய்வது நீ. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அது அணைந்தால் தவிப்பது நீ. ஸ்க்ரூவுக்கு ஆணும் தெரியாது, பெண்ணும் தெரியாது. வலப்பக்கம் திருப்பினால் இறுகும், இடப்பக்கம் திருப்பினால் கழலும். யார் திருப்பினாலும்!

தோற்றுவிடுவேனோ என்று பயமா? அப்படியானால் உன் பக்கத்துக் கட்டடத்தின் கதையைக் கேள்.

ராயப்பேட்டையிலிருந்து கடற்கரைக்கு நடந்தால் ஐஸ் ஹவுஸ். இன்றைக்கு விவேகானந்தர் இல்லம். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார். அதற்கு முன்னால் அது என்னவாக இருந்தது?

பனிக்கட்டிக் கிடங்கு! 1842-இல் கட்டினார்கள். அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறையும் ஏரிகளை அறுத்து, கட்டி கட்டியாகக் கப்பலில் ஏற்றி, மெட்ராஸ் வெயிலுக்குக் கொண்டுவந்து அதில் அடுக்கினார்கள்.

யாருடைய மூளை அது? பாஸ்டன் நகரத்து பிரெடெரிக் டியூடர்.

1806-இல் முதல் கப்பலை அனுப்பினார். கரீபியக் கடலில் மார்த்தினீக் தீவுக்கு. ஊரே சிரித்தது. பனிக்கட்டியை வெயில் நாட்டுக்கா? பைத்தியமா?

கப்பல் போய்ச் சேர்ந்தது. அங்கே பனிக்கட்டியை வைக்கக் கிடங்கு இல்லை. உருகி ஓடியது. நஷ்டம்!

விட்டாரா? மறுபடி அனுப்பினார். மறுபடி நஷ்டம். கடன் கழுத்தை நெரித்தது. 1812-இல் கடனுக்காகச் சிறைக்குப் போனார். 1813-இல் மறுபடியும் சிறை!

நீயாக இருந்தால்? ஒரு தடவை ஸ்க்ரூ நழுவி மதர்போர்டில் விழுந்தாலே "எனக்கு ராசியில்லை" என்று கும்பிடு போட்டிருப்பாய்.

டியூடர் சிறையிலிருந்து வந்து என்ன செய்தார்? பனிக்கட்டி ஏன் உருகுகிறது என்று பார்த்தார். எந்த வழியாகச் சூடு நுழைகிறது? உருகிய தண்ணீர் எங்கே தேங்குகிறது? வைக்கோலா, மரத்தூளா, எது நன்றாகக் காக்கும்? ரெட்டைச் சுவர் வைத்தால் என்ன ஆகும்?

விதியைத் திட்டவில்லை. சூட்டின் வழியைத் தேடினார்!

1833. 'டஸ்கனி' என்ற கப்பல். 180 டன் பனிக்கட்டி. பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு நாலு மாதக் கடற்பயணம். பூமத்திய ரேகையை ரெண்டு முறை கடந்து வந்தது. வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது!

நாலு மாதம். நடுக்கடல். மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை. பொதிந்து வைத்த பக்குவமும் மனஉறுதியும் மட்டும்.

அதற்கு ஒன்பது வருஷம் கழித்துத்தான் நம் கடற்கரையில் அந்தக் கட்டடம் எழுந்தது. பஸ்ஸில் கண்டக்டர் "ஐஸ் ஹவுஸ்! ஐஸ் ஹவுஸ்!" என்று கூவும்போது நீ இறங்கிப் போகிறாயே, அந்தப் பேர் சிறை போன ஒரு கடன்காரர் விட்டுப்போன பேர்.

அவர் நாலு மாதப் பயணத்தில் சூட்டை வெளியே நிறுத்தினார். உன்னால் ஒன்றரை அடிப் பெட்டியிலிருந்து சூட்டை வெளியே அனுப்ப முடியாதா?

பெரியவர்களும் இதில் தோற்றிருக்கிறார்கள். 1980-இல் ஆப்பிள் III கம்ப்யூட்டர் வந்தது. ஸ்டீவ் ஜாப்ஸுக்கு ஃபேன் சத்தம் பிடிக்காது. ஃபேனும் கூடாது, காற்றுத் துளையும் கூடாது என்று நின்றார்.

என்ன ஆனது? உள்ளே சூடு ஏறியது. சிப்கள் சாக்கெட்டை விட்டு நகர்ந்தன. பெட்டியைச் சில அங்குலம் தூக்கி மேசைமேல் போடுங்கள், சிப் திரும்ப உட்காரும் என்று வாங்கியவர்களிடம் சொல்லும் நிலை வந்தது. முதல் 14,000 பெட்டிகளை ஆப்பிள் மாற்றிக்கொடுத்தது.

ஸ்டீவ் ஜாப்ஸின் பிடிவாதத்துக்கே இயற்பியல் வளைந்துகொடுக்கவில்லை. உன் சோம்பலுக்கா வளைந்துகொடுக்கும்?

ஆனால் அந்த மனிதர் அந்தத் தோல்வியோடு கடையைக் கட்டிவிட்டுப் போனாரா? 2007-இல் ஐபோனைக் கையில் பிடித்து நின்றவரும் அவர்தானே!

போதும். இப்போது வேலை. உட்கார், சொல்கிறேன்.

முதல் வேலைக்குக் காசே வேண்டாம். உன் கேபினெட் எங்கே இருக்கிறது? கம்ப்யூட்டர் டேபிளின் கீழ் அறையில், பின்பக்கம் சுவரை ஒட்டி, அடைந்து கிடக்கிறதா? அங்கே வெளியேறும் சூட்டுக் காற்று சுவரில் மோதித் திரும்ப உள்ளேயே நுழைகிறது. வெளியே எடு! சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வை.

பார்த்தாயா? ஒரு ரூபாய் செலவில்லாமல் தொடங்கிவிட்டாய்.

ரெண்டாவது, அளந்து பார். வெப்பத்தைக் காட்டும் இலவச மென்பொருள் இருக்கிறது, ஹெச்டபிள்யூஇன்ஃபோ போல. வழக்கமான வேலையைக் கொடுத்து அரை மணி நேரம் ஓடவிடு. எத்தனை டிகிரி? எழுதிவை. எழுதாதவனுக்கு முன்னேற்றம் தெரியாது.

அப்புறம் சைடு பேனலைக் கழற்றி, அதே வேலையை அதே நேரம் ஓடவிடு. நான் சொன்ன சோதனை இதுதான்.

பல டிகிரி குறைந்ததா? அப்படியானால் நோய் அடைசல். ஃபேன் வாங்கு.

குறையவே இல்லையா? அப்படியானால் நோய் வேறு. ஹீட் சிங்க்கில் தூசி அடைத்திருக்கும், அல்லது தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கும். அதைச் சரிசெய்யாமல் பத்து ஃபேன் மாட்டினாலும் பிரயோஜனமில்லை. உழைப்பு பெரிது, ஆனால் எங்கே உழைப்பது என்று தெரிவது அதைவிடப் பெரிது!

எப்படியும் தூசியைத் தட்டித்தான் ஆக வேண்டும். வாசலில் வைத்து ப்ளோயர் அடி. அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள். தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போகும்.

கடைக்குப் போகும் முன் அள. கேபினெட்டில் ஃபேன் மாட்டும் இடத்தில் துளைக்குத் துளை 105 மில்லிமீட்டர் இருந்தால் 120 ஃபேன். 124.5 இருந்தால் 140. பழைய பெட்டியில் 71.5 இருக்கும், அது 80. ஸ்கேல் எடுத்து அளக்கக் கூச்சப்படாதே. அளக்காமல் போய்த் திரும்பி வருவதுதான் கூச்சம்.

மதர்போர்டையும் பார். சிஸ்டம் ஃபேன் என்று எழுதிய இடத்தில் 4 பின்னா, 3 பின்னா? 4 பின் ஃபேன் என்றால் சூட்டுக்குத் தகுந்தபடி போர்டே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ஒரு இணைப்பு பொதுவாக 1 ஆம்பியர்வரை தாங்கும். சாதாரண ஃபேன் ரெண்டை ஸ்ப்ளிட்டர் போட்டு அதில் தைரியமாக மாட்டலாம். இருந்தாலும் போர்டின் புத்தகத்தை ஒருமுறை படித்துவிடு.

இப்போது கடை. நிமிர்ந்து நின்று கேள்: "அண்ணே, 120 எம்எம் கேபினெட் ஃபேன், 4 பின், மூணு குடுங்க."

"லைட் எரியுறது வேணுமா தம்பி?" என்று கேட்பார். லைட் அழகு, சூட்டைக் குறைக்காது. காசு குறைவாக இருந்தால் லைட்டை விடு, பேரிங் நல்லதாகப் பார்த்து வாங்கு.

ஏன் மூணு என்று யாராவது கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும். ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால் அது இழுக்கும் சக்தி எட்டில் ஒரு பங்காகக் குறையும். சத்தமும் நன்றாக அடங்கும். ஒரே ஃபேனை வெறிபிடித்தாற்போல ஓட்டுவதைவிட ரெண்டு ஃபேனை நிதானமாக ஓட்டுவது மேல்.

நாலு, அஞ்சு, ஆறு என்று அடுக்கிக்கொண்டே போகாதே. முதல் ஃபேன் கொடுக்கும் பலன் பெரிது. ரெண்டாவது அதைவிடக் கம்மி. ஆறாவது பேருக்குத்தான் இருக்கும். உன் முன்பக்கம் துளையே இல்லாத கண்ணாடி என்றால் எத்தனை மாட்டியும் காற்று எங்கிருந்து வரும்? அடுத்த முறை கேபினெட் வாங்கும்போது வலை போட்ட முகப்பைக் கேட்டு வாங்கு.

இப்போது அந்தக் கணம். நீ பயந்துகொண்டிருந்த கணம்!

கம்ப்யூட்டரை அணை. பின்னால் சுவிட்சை அணை. பிளக்கைப் பிடுங்கு. பவர் பட்டனை ஒருமுறை அழுத்து. மிச்ச மின்சாரம் வடியட்டும். கேபினெட்டின் வெறும் இரும்பை ஒருமுறை தொடு. உன் உடம்பின் நிலைமின்சாரம் போகட்டும்.

எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். தைரியம் வேறு, அசட்டுத்தனம் வேறு. வாரண்டி பாக்கி இருக்கிறதா? பேனலைத் திறக்கலாமா என்று கார்டைப் படித்துக்கொள்.

ஃபேனைக் கையில் எடு. ரெண்டு பக்கமும் ஒன்றாகத் தெரிகிறதா? இல்லை. ஒரு பக்கம் இறக்கை வெளிப்படையாக இருக்கும். மறு பக்கம் குறுக்குச் சட்டங்களும் ஸ்டிக்கரும் இருக்கும். சட்டம் இருக்கும் பக்கம்தான் காற்று வெளியேறும். சில ஃபேனின் ஓரத்தில் அம்புக்குறியே போட்டிருப்பார்கள்.

முன்னால் ரெண்டும் உள்ளே ஊதட்டும். பின்னால் ஒன்று வெளியே தள்ளட்டும். சூட்டுக் காற்று மேலே ஏறும். அதனால் வெளியேற்றும் ஃபேன் பின்பக்கம் மேலே இருக்கட்டும்.

உள்ளே வரும் காற்று வெளியேறும் காற்றைவிடக் கொஞ்சம் அதிகமாக இருப்பது நல்லது. ஏன்? அப்போதுதான் பெட்டியின் ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் காற்று வெளியே கசியும். உள்ளே நுழைவது ஃபில்டர் போட்ட வாசல் வழியாக மட்டும். வெளியேற்றுவது அதிகமானால் இடுக்கெல்லாம் புழுதியை உறிஞ்சும். நம் ஊருக்கு எது வேண்டும் என்று நீயே சொல்!

இப்போது ஸ்க்ரூ. முதல் ஸ்க்ரூ ஏறாது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஃபேனின் பிளாஸ்டிக் துளையில் மரை இருக்காது. அந்தத் தடித்த ஸ்க்ரூதான் மரையை வெட்டிக்கொண்டே உள்ளே போக வேண்டும்.

கை வலிக்கும். நழுவும். "தப்பான ஸ்க்ரூ போல" என்று தோன்றும். அந்த இடத்தில்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்!

விடாதே! நேராகப் பிடி. அழுத்து. திருப்பு. இன்னும் அழுத்து. ஒரு சுற்று பிடித்துவிட்டால் மிச்சம் தானாக ஏறும். ரெண்டாவது ஸ்க்ரூ சுலபம். நாலாவதுக்கு வரும்போது உன் கை வேறு கையாக இருக்கும்.

ஒயரைக் கேபிள் டை போட்டு ஒதுக்கிக் கட்டு. இறக்கையில் உரசக்கூடாது. பேனலை மூடு. சுவிட்சைப் போடு.

சுற்றவில்லையா? பதறாதே! ஒயரைச் சரியாக அழுத்திச் செருகவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். அணை, திற, பார், மறுபடி செருகு. இதற்குப் பேர் தோல்வியா? இதற்குப் பேர் வேலை!

சுற்றுகிறதா? ஒரு ஊதுபத்தி ஏற்று. முன்பக்க வலைக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடி. புகை உள்ளே இழுபடுகிறதா? பின்னால் பிடி. வெளியே விரட்டுகிறதா? அப்படியானால் உன் காற்று ஓடுகிறது. எதிர்ப்பக்கம் போனால் ஃபேனைத் திருப்பி மாட்டியிருக்கிறாய். கழற்றித் திருப்பு. அவ்வளவுதானே?

மறுபடியும் அதே அரை மணி நேரம், அதே வேலை. டிகிரியைப் பார். எழுதிவைத்த தாளின் பக்கத்திலேயே எழுது. பெட்டிக்குள் காற்று எத்தனை டிகிரி இறங்குகிறதோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி பிராசசரும் இறங்கும்.

பிராசசர் மட்டுமில்லை. மதர்போர்டில் நிற்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்குச் சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய ரெட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் கணக்கு. சில நூறு ரூபாய்க்கு வருஷங்களை வாங்கியிருக்கிறாய்!

"இவ்வளவு செய்து ஏழெட்டு டிகிரிதான் குறைந்தது" என்று முகத்தைத் தொங்கப் போடாதே. 100-இல் திணறிய பிராசசர் 92-இல் மூச்சு விடும். ரெண்டரிங் முடியும். வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார். கூலி கைக்கு வரும். உன் வீட்டு அரிசி அந்த எட்டு டிகிரியில் இருக்கிறது!

அடுத்த வாரம் பக்கத்து அறைத் தம்பி வந்து கதவைத் தட்டுவான். "அண்ணா, என் சிஸ்டமும் ஹேங் ஆகுது." அப்போது நீயே செய்துகொடுத்துவிடாதே. ஸ்க்ரூ டிரைவரை அவன் கையில் கொடு. பக்கத்தில் நில். முதல் ஸ்க்ரூ ஏறாதபோது "அழுத்துடா" என்று மட்டும் சொல்.

மாதம் ஒருமுறை ஃபில்டரைக் கழற்றித் தட்டு. கோடைக்கு முன் ஒருமுறை ப்ளோயர் அடி. மாட்டிவிட்டு மறந்துபோனால் புழுதி மறக்காது.

இன்னும் என்ன யோசனை? அக்னி நட்சத்திரம் மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கும். அது உன்னைக் கேட்டுக்கொண்டு வராது. ரிச்சி தெருவில் ஃபேன் இருக்கிறது. உன் வீட்டு அலமாரியில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது.

எழுந்திரு. பிளக்கைப் பிடுங்கு. ஸ்கேலை எடுத்து அந்தத் துளையை அள. இன்றைக்கே!